புகையை எரிக்கும் அடுப்பு

எங்கள் இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில் சீமைக்கருவை மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வோர் குறைவு. கண்மாயைக் கெடுத்தது, காட்டைக் கெடுத்தது, காலில் முள் தைத்துப் படுக்க வைத்தது என்று அதன் மேல் உள்ள வழக்குகள் ஏராளம். 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதனை வேரோடு அகற்றுமாறு ஆணையிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களிலிருந்து வந்த அம்மரம், அந்த ஆணைக்குப் பின்னும் எங்கள் மாவட்டத்துத் தரிசுகளைத் தன் பெயருக்குப் பட்டாப் போட்டுக்கொண்டு நிற்கிறது. குற்றவாளிக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமன்றோ? அதன் பக்கம் நின்று ஒன்று சொல்வேன். இரண்டு தலைமுறைகளாக எங்கள் ஊர் அடுப்புகளில் உலை கொதித்தது அந்த மரத்தால்தான்.

இம்மரத்தை வெட்டி மூட்டம் போடுவது எங்கள் பக்கத்தில் பெருந்தொழில். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடி, ஒரு வாயின் வழியே நெருப்பை உள்ளே விடுவார்கள். பிறகு காற்றை அளந்து அளந்துதான் உள்ளே விடுவார்கள். நாட்கணக்கில் புகைந்து, இறுதியில் பிரித்துப் பார்த்தால் விறகு சாம்பலாகாமல் கரியாக இருக்கும். மூட்டத்தைக் கடந்து பள்ளிக்கூடம் சென்ற நாட்களில் அந்த வெண்புகையின் காரநெடி சட்டையோடு வீட்டுக்கு வரும். அது வீணாய்ப் போகும் எரிபொருள் என்பதை அன்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விறகில் அடங்கியுள்ள வெப்பத்தில் பாதியளவேனும் அந்தப் புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது.

விறகு எரிகிறது என்று நாம் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். கட்டையின் மேல் வெப்பம் ஏறி ஏறத்தாழ 300 பாகையை எட்டும்போது, கட்டை சிதைந்து ஆவியை வெளிவிடுகிறது. ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, தார் ஆவி என்று அதில் எரியக்கூடியவை பல. இந்த ஆவி சூடான காற்றோடு கலந்தால் சுடராகும். கலக்க வழியின்றிக் குளிர்ந்தால் புகையாகும். ஐயமுள்ளோர் ஒரு மெழுகுவத்தியை ஊதி அணைத்து, அதிலிருந்து எழும் வெண்புகைக் கோட்டில் தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கலாம். சுடர் அந்தப் புகையின் வழியே இறங்கித் திரியைத் திரும்பப் பற்றிக்கொள்ளும். எரிய வேண்டியது எரியாமற் போனதன் பெயரே புகை. நம் வீட்டு மண்ணடுப்பில் கட்டையைச் செருகி ஊதுகுழலால் ஊதினோமே, அப்போது நெருப்புக்கு உண்டான எரிபொருளில் ஒரு பங்கை நம் பெண்களின் நெஞ்சுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இதை நான் வெறும் அணிக்காகச் சொல்லவில்லை. என் லாத்தாவுக்கு வயது எழுபத்து நான்கு. மாடிப்படி நான்கு ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். பேச்சின் நடுவே இருமல் வந்து சொல்லை விழுங்கிவிடும். முதுமை, பனிக்காற்று, கடற்காற்று என்று எங்களுக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் சொல்லி ஆண்டுகளைக் கழித்தோம். மதுரையில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் குழாயில் ஊதச் சொல்லி அளவெடுத்துவிட்டு, “வீட்டில் யாராவது புகைபிடிப்பவர்கள் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “விறகடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தீர்கள், அம்மா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. லாத்தா விரல் மடக்கிக் கணக்கிட்டார். “பன்னிரண்டு வயசுல உம்மா கையிலேர்ந்து அகப்பையை வாங்கினேன். மூத்தவன் சவூதிக்குப் போய் கேஸ் எடுத்துத் தந்த வருசம் வரைக்கும்.” முப்பத்தாறு ஆண்டுகள்! மருத்துவர் அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டார். நுரையீரலின் காற்றுக்குழல்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நோய் அது. மருந்தால் தணிக்கலாம், பழைய நிலைக்கு மீட்க இயலாது என்றார். புகை இருக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்பது அவர் கொடுத்த கட்டளைகளில் முதலாவது.

வீட்டுக்குள் புகும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் உயிர்கள் மடிந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் 1989இல் மௌத்தான எங்கள் உம்மாதான். இறுதி ஆண்டுகளில் உம்மாவும் இப்படித்தான் இருமினார்கள். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். ‘நெஞ்சுச் சளி’ என்று சொல்லி ஓமத்தையும் கற்பூரவள்ளியையும் கொடுத்தோம். ஒரு மருத்துவரும் அடுப்பைப் பற்றிக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அன்றாடச் சமையலுக்குக் கேஸ் இருக்கிறது. அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் உம்மா காலந்தொட்டு ஒரு வழக்கம் இருந்துவருகிறது. நோன்பு மாதத்தில் கொல்லையில் பெரிய சட்டியேற்றிக் கஞ்சி காய்ச்சி, அசருக்குப் பின் தூக்குச்சட்டியோடு வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுப்பது. நாற்பது பேருக்குக் குறையாது. குறுணையும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் ரம்பை இலையும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் அந்தக் கஞ்சியின் பக்குவம் லாத்தாவின் கையில் மட்டுமே நிற்கிறது. மருத்துவரின் கட்டளைக்குப் பிறகு, “இனி அது வேண்டாம், பணமாகக் கொடுத்துவிடலாம்” என்றனர் மருமக்கள். பெரிய பர்னர் வாங்கிச் சிலிண்டரில் காய்ச்சலாம் என்றார் மச்சான். அது நியாயமான யோசனைதான். ஆனால் வீட்டுச் சிலிண்டரை அதற்கு எடுத்தால் வீட்டுக்குத் தட்டுப்பாடு; வணிகச் சிலிண்டரின் விலையோ எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாதம் தாங்காது. கொல்லையில் கருவைச்சுள்ளி காசில்லாமல் கிடக்கிறது. லாத்தா எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஷஅபான் மாதம் முழுவதும் அவர் சட்டியைத் துலக்காமல் விட்டிருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிற்று.

அப்போதுதான் வாப்பா சொன்ன கரிபஸ் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காத காலத்தில், நம் நாட்டுப் பேருந்துகளின் பின்புறம் ஓர் உயரமான இரும்புக் கொப்பரையைப் பொருத்தினார்கள். அதில் கரியைக் கொட்டிக் கொளுத்தி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்றை ஏற்ற, உண்டாகும் வாயுவில் எஞ்சின் ஓடும். வண்டி புறப்படுவதற்கு முன் நெடுநேரம் சக்கரம் சுற்ற வேண்டியது பணியாளரின் தலையெழுத்து. மேட்டில் ஏற மறுத்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். “டிக்கெட்டும் வாங்கிட்டு வண்டியையும் தள்ளினோம்” என்று வாப்பா சிரிப்பார்கள். ஐரோப்பாவில் விறகையே கொட்டி ஓட்டினார்கள். சுவீடனில் மட்டும் ஏறத்தாழ 70,000 வாகனங்கள் அவ்வாறு ஓடின. விறகின் ஆவியால் பேருந்தே ஓடுமானால், ஒரு சட்டிக் கஞ்சி கொதிக்காதா என்று எண்ணினேன்.

இந்த எண்ணம் எனக்கு முன்பே அறிஞர் பலருக்கு வந்திருந்தது. அமெரிக்க அறிவியலாளர் தாமஸ் ரீட் என்பார் 1985இல் விறகின் ஆவியை எரிக்கும் சிறிய அடுப்புக்கான வழியைக் கண்டார். நார்வே நாட்டுப் பால் வெண்டல்போ என்பாரும் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய காலத்தில் தனியே அதே வழியை அடைந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் மின்கலத்தால் ஓடும் சிறு விசிறி வைத்து இத்தகைய அடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் அது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. ஆயினும் அதற்கென்று ஆலையில் அழுத்திச் செய்த உருளைத்துண்டுகள்தாம் வேண்டும். அவற்றின் விலை ஏறியதும் அடுப்பு பரணுக்குப் போயிற்று. 1983இல் நடுவணரசு தொடங்கி 2002 வரை நடத்திய புகையில்லா அடுப்புத் திட்டத்தின் கதையும் இதற்கு இளைத்ததன்று. எங்கள் தெருவில் அன்று வைத்துக் கொடுத்த அடுப்புகளின் புகைபோக்கிகளுள் ஒன்றில் பிற்காலத்தில் முருங்கைக்காய் தொங்கவிட்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். ஓர் அடுப்பு நிலைக்க வேண்டுமானால், அதற்கு வேண்டிய எரிபொருள் வீட்டுக் கொல்லையிலும், அதைப் பழுது பார்க்கும் கை அடுத்த தெருவிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி அடுப்பைச் செய்த கதைக்கு வருகிறேன். வளைகுடாவிலிருந்து வந்த பால்மாவு டின் இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய டின் ஒன்று உள்ளுருளைக்கு வாய்த்தது. அதைவிட 4 சென்டிமீட்டர் அகலமான பெயின்ட் டின் ஒன்று வெளியுருளை ஆயிற்று. பெயின்ட் டின்னை முதலில் வெளியில் வைத்து நெருப்பிட்டுப் பூச்சு முழுவதும் கருகும்வரை எரித்தோம். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, தகடு முதலியவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது. சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, சுவாசித்தவரைக் காய்ச்சலில் தள்ளும். பலர் அறியாத செய்தியாதலால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உள்டின்னின் அடியில் 6 மில்லிமீட்டர் ஆணியால் முப்பது துளைகள் இட்டோம். அதன் மேல்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, சுற்றிவர, 8 மில்லிமீட்டர் அளவில் ஒரே வரிசையாக முப்பது துளைகள். தகரம் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டு ஆணியடிக்க வேண்டும். வெளிடின்னின் அடிப்பகுதியில், பக்கவாட்டில், கட்டைவிரல் நுழையும் அளவில் பன்னிரண்டு துளைகள். வெளிடின்னின் மூடியில் உள்டின் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, உள்டின்னை அதில் தொங்கவிட்டோம். இரண்டுக்கும் இடையே சுற்றிலும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி. கீழே 3 சென்டிமீட்டர். அந்த இடைவெளியின் மேல்வாய் நன்றாக மூடியிருக்க வேண்டும். கடைசியாக, நடுவில் 8 சென்டிமீட்டர் வட்டம் வெட்டிய ஒரு தகடு. அது சுடரைக் குவிக்கும். அதன் மேல் சட்டியைத் தாங்க மூன்று இரும்புக் கால்கள். கத்தரி, சுத்தியல், ஆணி, அரம் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. என் பேரன் ஒரு முற்பகலில் முடித்துவிட்டான். நான் கவராயம் பிடித்தேன் என்பதோடு சரி.

வேலை செய்யும் விதம்தான் அழகானது. கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளித் துண்டுகளை மேல்துளை வரிசைக்குக் கீழ்வரை நிரப்பி, உச்சியில் கொஞ்சம் பன்னாடையை வைத்துப் பற்றவைக்க வேண்டும். நாம் காலமெல்லாம் அடியில் தீ வைத்துப் பழகியவர்கள். இங்கே தீ மேலிருந்து கீழே இறங்குகிறது. அடித்துளைகளின் வழியே வரும் காற்று சிறிதளவே ஆதலால், மேலே உள்ள விறகு கரியூட்டம் போல் ஆவியை மட்டும் விட்டுக் கரியாகிறது. இடைவெளியின் வழியே ஏறும் மற்றொரு காற்று உள்டின்னின் வெப்பத்தால் சூடேறி, மேல்துளைகளின் வழியே உள்ளே பாய்ந்து, எழுந்துவரும் ஆவியைச் சந்திக்கிறது. அந்த இடத்தில் எழுகிறது சுடர். முதல் மூன்று நான்கு நிமிடம் சாதாரணத் தீ போலத்தான் இருந்தது. பிறகு அந்த முப்பது துளைகளிலிருந்தும் சுடர்நாக்குகள் கேஸ் அடுப்பைப் போல் நடுவை நோக்கி நீண்டன. மேலே பார்த்தால் புகை இல்லை. பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் அலைபோல் நடுங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். மூட்டத்திலே வானுக்குப் போன பாதி இங்கே சட்டிக்கு அடியில் எரிகிறது. மீதிப் பாதி கரியாக நம் கையில் நிற்கிறது.

ஏறத்தாழ ஒரு கிலோ கருவைச்சுள்ளி முக்கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று லிட்டர் தண்ணீர் கால் மணி நேரத்தில் கொதித்தது. முடிவில் 200 கிராம் அளவில் கரி மிஞ்சியது. வேண்டுமென்றே ஈரச்சுள்ளியையும் போட்டுப் பார்த்தோம். அடுப்பு கோபித்துக்கொண்டு கறுத்த தாரைக் கக்கியது. வெட்டிய பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே காயாமல் இந்த அடுப்புக்கு ஆகாது. சிரட்டைத் துண்டுகள் சுள்ளியைவிட நன்றாக எரிந்தன. மரத்தூளைக் கொட்டினால் காற்று நுழையாமல் அணைந்துவிடும். காற்றும் ஒரு பகை. கடற்காற்று அடிக்கும் நேரத்தில் சுடர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, புகை திரும்பி வந்துவிடும். மூன்று பக்கமும் சுவர் மறைப்பு வேண்டும்.

லாத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, இது சமைக்கவா, பிள்ளைங்க வெளாட்டுக்கா?” என்றார். “முதல்லே தேத்தண்ணி போட்டுக் காட்டுறேன், லாத்தா” என்றேன். தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, அவர் அடுப்பைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த வேப்பங்கிளையைப் பார்த்தார். எங்கள் கொல்லை வேம்பின் அந்தக் கிளை ஐம்பது ஆண்டுப் புகையில் ஒரு பக்கம் கறுத்தது. “மேலே ஒண்ணும் போகலையே” என்று மெதுவாகச் சொன்னார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் எழுதவேண்டும். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எவரும் கருதிவிடக் கூடாது. ஆவியெல்லாம் எரிந்து முடிந்ததும் மஞ்சள் சுடர் அடங்கி, கரியின் மேல் சிறு நீலச்சுடர் ஆடும். அப்போது வெளிவருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சலும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று பற்றவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இது பற்றிக்கொள்ளும். குளிருக்காகக் கரியடுப்பைச் சாத்திய அறையில் வைத்து உறங்கியவர்கள் எழாமற்போன செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். கூரை வேய்ந்த சமையலறையிலோ, வண்டிக் கொட்டகையிலோ, மழைக்கு ஒதுங்கிய தாழ்வாரத்திலோ இந்த அடுப்பை வைக்கக் கூடாது. திறந்தவெளி அடுப்பு இது, திறந்தவெளியிலேயே இருக்கட்டும். சுடர் நடுவில் திடீரென்று அணைந்து வெண்புகை குபுகுபுவென்று எழுந்தால், குனிந்து ஊதாமல், எரியும் காகிதத் துண்டு ஒன்றை எட்ட நின்று மேலே போட்டால் போதும், மீண்டும் பற்றிக்கொள்ளும்.

டின் அடுப்பால் ஒரு குடும்பத்துக்குச் சமைக்கலாம். நாற்பது பேர் கஞ்சிக்கு அது காணாது. இரும்புத் தகட்டில் 25 சென்டிமீட்டர் விட்டமும் 35 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உள்ளுருளை வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் படத்தை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடியில தீ வைக்காம அடுப்பா?” என்று சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். விட்டம் கூடக்கூட, ஓரத்துத் துளைகளிலிருந்து பாயும் காற்று நடுப்பகுதியை எட்டுவதில்லை. அதற்காகக் குவிதகட்டின் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குழாய் ஒன்றை வைக்கச் சொன்னேன். அது புகைபோக்கியைப் போல் இழுத்து, ஆவியும் காற்றும் கலப்பதற்கு வேண்டிய இடத்தைக் கொடுக்கிறது. சாய்த்துக் கரியைக் கொட்டுவதற்கு இரு பக்கமும் கைப்பிடி.

மற்றொரு சிக்கல் இருந்தது. இந்த அடுப்பில் நடுவில் விறகு செருக முடியாது. நிரப்பியது எரிந்து தீர்ந்தால் அந்த ஈடு முடிந்தது. ஐந்து கிலோ சுள்ளி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். கஞ்சிக்கோ இரண்டு மணி நேரம் வேண்டும். இரண்டாவது ஈடு நிரப்பலாமா என்று நானும் பேரனும் வாதாடிக்கொண்டிருந்தபோது, லாத்தா குறுக்கிட்டார். “கொதி வர்ற வரைக்கும்தானே சுடர் வேணும்? குறுணை மலர்ந்த பொறவு தணல்தானே வேணும்? அந்தக் கரியைக் குமுட்டியிலே கொட்டுங்களேன்.” படித்தவர்கள் எழுதிய கட்டுரைகளில் நான் காணாத விடை அது. சுடர் அடங்கியதும் உருளையைச் சாய்த்து, கனன்றுகொண்டிருக்கும் ஒரு கிலோ கரியைப் பெரிய குமுட்டி அடுப்பில் கொட்டி, சட்டியை அதன்மேல் மாற்றினோம். தேங்காய்ப்பால் ஊற்றும்வரை அடிப்பிடிக்காமல் நின்றது. முன்பெல்லாம் அதே கஞ்சிக்குப் பத்துக் கிலோ விறகு போகும்.

அவ்வாண்டு நோன்பு முழுவதும் கஞ்சி காய்ச்சினோம். லாத்தா எங்கே இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். காற்று வரும் திசையில், அடுப்பிலிருந்து பன்னிரண்டடி தள்ளி, நாற்காலியில். மருத்துவரிடம் அடுப்பின் படத்தைக் காட்டினேன். அவர் அக்கறையோடு பார்த்தார். ஆனால் தம் கட்டளையைத் தளர்த்தவில்லை. குறைந்த புகையும் புகைதான். இவருடைய நெஞ்சுக்கு அதுவும் மிகுதி என்றார். பற்றவைக்கும்போதும் அணையும்போதும் சிறிது புகை எழுவது உண்மை. ஆகவே கிண்டுவது, கொட்டுவது எல்லாம் லாத்தாவின் பேத்தி. பதினேழு வயது. கல்லூரி சேரவிருக்கும் பிள்ளை. “வெந்தயம் போட்டாச்சா? மணம் வரலையே” என்று நாற்காலியிலிருந்து குரல் வரும். “இப்பத்தான் போட்டேன், உம்மம்மா” என்று பதில் போகும். மூன்றாம் நாளே ருசி பிடிபட்டுவிட்டது என்று ஊற்றிக்கொண்டு போன பிள்ளைகள் சொன்னார்கள். லாத்தா ஒத்துக்கொள்ள மேலும் பத்து நாள் ஆயிற்று. முப்பத்தாறு ஆண்டுகள் அடுப்பங்கரையில் எப்படி நின்றோம் என்பதை அப்பெண்ணுக்கு அவர் சொல்லிக் கேட்டதும் அந்தக் கொல்லையில்தான். அந்தக் கதைகளில் பாதி எனக்கே புதியவை. நாங்கள் வெளித்திண்ணையில் உட்கார்ந்து வாங்கி உண்டவர்கள்தாமே!

மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு வருவோருள் எங்கள் ஊர்ப் பண்டாரி ஒருவரும் உண்டு. கலியாணங்களில் இருபது படி, முப்பது படி என்று பிரியாணி ஆக்கும் கைக்காரர். அவர் கஞ்சியைவிட அந்தக் கரியையே கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிரியாணிக்காரரின் கணக்கு வேறு. இறைச்சி வேகவும் உலை கொதிக்கவும் கடுந்தீ வேண்டும். அரிசியைச் சேர்த்தபின், தேக்சாவின் வாயை அடைத்து, மேல்மூடியில் தணலைக் கொட்டித் தம் போட வேண்டும். அந்தத் தணலுக்காக, தேவைக்கு மேல் விறகை எரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது அவர் தொழில். இங்கே சுடரும் தணலும் ஒன்றன்பின் ஒன்றாக, வேண்டிய வரிசையிலேயே வருவதை அவர் கண்டுகொண்டார். “இத முப்பது படிச் சட்டிக்குப் பெருசா அடிக்கலாமா, காக்கா?” என்று கேட்டார். அத்தனை பெரிய உருளையில் நடுவுக்குக் காற்றைச் செலுத்த விசிறி வேண்டும் என்றேன். விசிறியும் மின்சாரமும் கலியாணப் பந்தலுக்கு ஒத்துவராது என்று அவர் தலையசைத்தார். இறுதியில், எங்களுடையதைப் போன்ற மூன்றை முக்கோணமாக வைத்து, மேலே ஓர் இரும்புச் சட்டத்தில் தேக்சாவை ஏற்றுவது என்று அவரே முடிவு செய்தார். ஒன்று அடங்கும் நேரத்தில் மற்றொன்றைப் பற்றவைத்தால் சுடர் விட்டுப்போகாது என்பது அவர் கணக்கு.

இதெல்லாம் கேஸுக்கு மாற்றாகுமா என்று கேட்போருக்கு என் விடை, ஆகாது என்பதே. வீட்டுக்குள் சமைக்கும் பெண்ணுக்குக் கேஸைவிட நல்லதைச் சொல்ல எனக்குத் தெரியாது. 2016இல் தொடங்கிய இலவச இணைப்புத் திட்டத்தால் அடுப்பும் சிலிண்டரும் பெற்ற ஏழைக் குடும்பங்கள் பலவற்றில், அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாத நாட்களில் விறகு திரும்ப வந்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே அத்தகைய வீடுகள் உண்டு. கொல்லையோ முற்றமோ உள்ள அவ்வீடுகளில் இரண்டுக்குப் பேரன் டின் அடுப்பு செய்து கொடுத்திருக்கிறான். ஒரு வீட்டில் நாள்தோறும் எரிகிறது. மற்ற வீட்டில், சுள்ளியைச் சிறிதாக நறுக்குவது யார் என்ற சண்டையில் அடுப்பு கோழிக்கூட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நறுக்குவது உண்மையிலேயே வேலைதான். ஐந்து கிலோவுக்கு அரை மணி நேரம் அரிவாளோடு உட்கார வேண்டும். கருவைமுள்ளுக்கு இன்னும் இரக்கம் வரவில்லை.

எங்கள் பெரிய அடுப்புக்குப் பட்டறைக்காரர் கூலியும் தகடுமாக 1,800 ரூபாய் வாங்கினார். பண்டாரி மூன்றுக்கு விலை கேட்கப் போனபோது ஒன்றுக்கு 2,500 சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கு, “அப்போ அது என்னான்னு எனக்குத் தெரியாதே!” என்றாராம்.